சில்லு வைத்த வீடு

வீடு என்பது மனித நாகரிகத்தின் அத்திவாரம், வீடில்லாத இனம் வேரில்லாத மரம் என்று பலெர்மோ முத்தமிழ்ச் சான்றோர் ஒன்றியத்தின் தலைவர் இராஜநாயகம் அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் ஒரு வீட்டுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார். தலையும் தோளும் உள்ளே. வெளியே தெரிந்தவை இரண்டு சப்பாத்துகளும், ஒன்றியத்தின் ஆண்டுவிழாவுக்குத் தைத்த சாம்பல் நிறக் காற்சட்டையின் பின்பக்கமும்தான். கருத்து அங்கிருந்து வருவது போலவே கேட்டது.

"அதை விடுங்கோ தலைவர். அடியிலை என்ன கிடக்கு?" என்று கிறிகோரி கேட்டான்.

"சில்லு."

"எத்தினை?"

"நாலு. முன்னுக்கு இழுவைக் கொக்கி ஒண்டும் கிடக்கு."

கோபாலசிங்கம் பக்கத்தில் குந்தியிருந்தார். அவருக்கு இது புதினமல்ல. ஒரு வருடமாக அந்தச் சில்லுகளுக்கு மேலேதான் அவர் படுத்து எழும்புகிறார். ஆனாலும் படித்த மனிதர் ஒருவர் பார்த்தால் அவை வேறு ஏதாவதாக இருக்கக்கூடும் என்று ஒரு நப்பாசை இருந்தது.

வீடு நகரத்துக்கு வெளியே, கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில், மீன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஏறும் ஒழுங்கையின் முடிவில், ஒரு தேசிக்காய்த் தோட்டத்துக்குள் நின்றது. தோட்டம் சிஞ்ஞோராவுக்குச் சொந்தம். சிஞ்ஞோரா நகர நடுவே கால்சாவில் பாதி இடிந்த மாளிகையொன்றின் இடியாத பாதியில் வசிக்கும் விதவை. கோபாலசிங்கம் அவருக்குச் சமைத்து, தரை துடைத்து, நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர். மதிப்பான ஆட்கள் வந்தால் சிஞ்ஞோரா இந்த வீட்டை 'எங்கள் கடற்கரை வில்லா' என்பார். கடல் தெரியும் என்பதும் பொய்யல்ல. கழிவறைத் தொட்டியின் மேல் ஏறி நின்றால் ஒரு துண்டு தெரியும்.

அதற்கு முன் கோபாலசிங்கம் வுச்சீரியாச் சந்தையில், மீன்காரர்களின் கூச்சலுக்கு மேலே, ஒரு அறையில் பலரோடு பலராக இருந்தவர். அந்த அறைக்கு வாடகை வாங்க ஆள் வரும், ஒப்பந்தம் எழுத ஆள் வராது. சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்தார். மனைவி ஞானம்பிகையைக் கூப்பிடக் கோபாலசிங்கத்துக்குத் தேவைப்பட்டதும் அதுதான். ஞானம்பிகை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு காத்திருந்தாள். கலியாண அல்பத்தில்தான் இருவரும் அதிக நேரம் ஒன்றாக நின்றிருக்கிறார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. மனைவியை அழைப்பவன் அவளைக் குடிவைக்கத் தகுந்த வீடு தன்னிடம் உண்டு என்று அத்தாட்சி காட்ட வேண்டும். அத்தாட்சி கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த அம்மையார் 'பிறிபாபிறிக்காத்தோ' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எந்த வகை?" என்று கேட்டார்.

தொழிற்சாலையில் செய்கிற வீடு இரண்டு வகை என்று அப்போதுதான் கோபாலசிங்கத்துக்குத் தெரிந்தது. ஒன்றைப் பெட்டி பெட்டியாகச் செய்து, லொறியில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் இறக்கி, சீமெந்து அத்திவாரத்தில் முடுக்கிவிடுவார்கள். அது வீடு. மற்றதைத் தன்னுடைய இரும்புச் சட்டத்தின் மேலேயே கட்டி, தன்னுடைய சில்லிலேயே இழுத்துக்கொண்டு வருவார்கள். அது இருபது வருடம் ஒரே இடத்தில் நின்றாலும், அதற்குள் பிள்ளை பெற்றாலும், கிழவர் செத்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு வாகனம். வாகனத்துக்குள் மனைவியைக் குடிவைக்க முடியாது. சுவரும் யன்னலும் குசினியும் இரண்டிலும் ஒரே மாதிரி. சம்பந்தம் பேசுகிறவர்கள் போல அடியைக் கிளறினால்தான் வித்தியாசம் பிடிபடும்.

கிளறுவதற்கு ஒரு ஜெயோமெத்ரா வருவார் என்றார் அம்மையார். நிலமும் வீடும் அளந்து மதிப்பிடுகிறவருக்கு இந்த ஊரில் அதுதான் பட்டம்.

அதனால்தான் தலைவர் வரவழைக்கப்பட்டார். இராஜநாயகம் காலையில் மூன்று மாடிக் கட்டடங்களின் படிகளைத் துடைப்பார், பின்னேரத்தில் சமுதாயத்தை உயர்த்துவார். ஊரில் தான் கட்டடத் துறையில் இருந்ததாகச் சொல்லுவார். எந்தக் கட்டடம் என்று கேட்டவர்களுக்குத் துறையைப் பற்றியே பதில் வரும். ஆனால் தமிழர்களுக்குள் அவருடைய இத்தாலியன்தான் உயரமானது. கோபாலசிங்கத்தின் இத்தாலியன் அடுப்புக்கும் மருந்துப் பெட்டிக்கும் காணும், அரசாங்கத்துக்குக் காணாது.

"தம்பி கோபால், சில்லைக் கழட்ட ஏலாது," என்று வெளியே ஊர்ந்து வந்த தலைவர் முழங்காலைத் தட்டினார். "நட்டெல்லாம் துருப்பிடிச்சு ஒண்டாப் போச்சு. ஆனால் மறைக்கலாம். சுத்திவரக் கல்லு அடுக்கி வெள்ளை அடிச்சால் அத்திவாரம். கட்டடத் துறையிலை நாங்கள் செய்ததும் பெரும்பாலும் உதுதான்."

"அப்ப கொக்கி?" என்றான் கிறிகோரி. "அது முழங்கையளவுக்கு வெளியாலை நீட்டிக்கொண்டெல்லே நிக்குது."

கொக்கிக்குத் தலைவரிடம் திட்டம் இல்லை. கிறிகோரியிடம் இருந்தது. மன்னாரான், கத்தோலிக்கன், கீழே கடற்கரையில் ஒரு மீன் கடையில் கோப்பை கழுவுகிறவன். சந்தையில் ஒரு சாந்தா றொசாலியா சொரூபம் வாங்கிவந்தான். கொக்கியைச் சுற்றிக் கல் அடுக்கி, அதன் மேல் நகரத்தின் பாதுகாவலியை ஏற்றி, இரண்டு பிளாஸ்டிக் றோசாவும் செருகினான்.

"இனி உதைக் கிளற எந்தச் சிசிலியனுக்கும் துணிவு வராது அண்ணை," என்றான். "எங்கடை ஆள் காவலுக்கு நிக்கிறா."

ஞானம்பிகைக்கு இதையெல்லாம் கோபாலசிங்கம் சந்தியில் இருந்த போன் பெட்டியிலிருந்து சொன்னார். சில்லு விஷயம் அவளுக்கு முதலே தெரியும். அவர் குடிபுகுந்த அன்றைக்கே இத்தாலிய அரசாங்கம் இன்றுவரை முடிவு காணாத கேள்விக்கு அவள் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"வீடெண்டால் பால் காய்ச்ச வேணும். வாகனமெண்டால் சில்லுக்குத் தேசிக்காய் வைக்க வேணும். உங்கடை உது ரெண்டுமெண்டால் ரெண்டையும் செய்யுங்கோ."

"அது ஓடாதே ஞானம். ஓடினால்தானே தேசிக்காய் நசியும்."

"வைக்கிறது எங்கடை பாடு. நசியிறது அதின்ரை பாடு."

அவர் வைத்தார். அவை நசியாமல் காய்ந்து, மழைக்கு அழுகி, எறும்புக்குப் போயின.

இப்போது ஜெயோமெத்ரா வெள்ளிக்கிழமை வருகிறார் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை நல்ல நாள். புதுசா நாலு வையுங்கோ. குங்குமமும் தடவுங்கோ."

"அடியிலை வைக்க ஏலாதப்பா. கல்லு வைச்சு மூடியாச்சு."

"அப்ப வெளியாலை வையுங்கோ. சில்லுக்கு நேரே. பிள்ளையாருக்குச் சுவர் ஒரு கணக்கே?"

"வாற ஆள் கண்டால்..."

"கண்டால் என்ன? தேசிக்காய்த் தோட்டத்திலை தேசிக்காய் கிடக்கிறது புதினமே?" பிறகு, "வைக்காமல் விட்டு ஏதும் பிசகிப்போனால் நான் இஞ்சை என்னண்டு இருக்கிறது, சொல்லுங்கோ?" என்றாள்.

அவளுக்காக ஓடி, அலைந்து, கெஞ்சி அவர் செய்த எதுவும் அவளுக்கு எட்டியதில்லை. இது ஒன்றுதான் அவள் கேட்டு அவரால் செய்ய முடிந்த காரியம். வெள்ளிக்கிழமை விடியக் குளித்து, மரத்திலிருந்து நல்ல மஞ்சள் காய் நாலு பிடுங்கி, வெள்ளையடித்த கல்வரிசைக்கு வெளியே இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக, சில்லுகளுக்கு நேரே வைத்தார். குங்குமமும் தடவினார். ஊர்த் தேசிக்காய் போலில்லாமல் இங்கத்தையவை தேங்காய்க் குரும்பை அளவு. தடவின குங்குமம் தூரத்துக்கே தெரிந்தது.

ஜெயோமெத்ரா வெள்ளைக் காற்சட்டையும் குஞ்சம் வைத்த சப்பாத்துமாக வந்து இறங்கினார். தரையில் கால் படாமல் நிலம் அளக்கும் கலையில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. தலைவர் கழுத்தில் ரையும், ரைக்கு மேலே ஒரு பொன்னாடையும் போட்டுக்கொண்டு நின்றார். பொன்னாடை அவருக்கு அவரே போட்டது. கிறிகோரி கடையிலிருந்து ஒரு தட்டுப் பொரித்த மீன் கொண்டுவந்து, வந்தவர் மனம் இளகட்டும் என்று மேசையில் மூடி வைத்தான்.

"கட்டடம் பேசும். கேட்கத்தான் காது வேண்டும்," என்று ஜெயோமெத்ரா சுவரில் விரலால் தட்டினார். சுவர் பிஸ்கற் பேணி போலச் சத்தம் போட்டது. அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போனார், படுக்கையறையை அளந்தார், யன்னலைத் திறந்து மூடினார், கழிவறைத் தொட்டியின் மேல் ஏறிக் கடலைப் பார்த்தார். வெளியே வந்து வெள்ளைக் கல்வரிசையைப் பார்த்தார். குனியவில்லை. முன்பக்கம் போனவர் சாந்தா றொசாலியாவைக் கண்டதும் நின்று, சிலுவை அடையாளமிட்டு, விரல் நுனியை முத்தமிட்டார்.

கிறிகோரி வானத்தைப் பார்த்தான்.

"நல்லது," என்றார் ஜெயோமெத்ரா. பேனையைத் திறந்தார். "அத்திவாரத்தோடு கூடிய நிலையான கட்டடம். குடியிருக்கத் தகுந்தது." எழுதத் தொடங்கினார்.

ஞானம்பிகை கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பாள் என்பது தனக்குத் தெரியாது என்று அந்த நேரத்தில்தான் கோபாலசிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. யன்னல் பக்கத்தை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்.

பேனை நின்றது.

"இது என்ன?"

குஞ்சம் வைத்த சப்பாத்தின் நுனி ஒரு தேசிக்காயைக் காட்டிக்கொண்டு நின்றது. குங்குமம் வெயிலில் பளபளத்தது.

"நியென்தே," என்றார் கோபாலசிங்கம். ஒன்றுமில்லை. அவருடைய இத்தாலியனில் அதைவிடத் தேவையான சொல் வேறு இல்லை.

அந்த ஒரு சொல்லோடு விட்டிருந்தால் போதும். ஆனால் ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தர் தமிழர் பண்பாட்டைப் பற்றித் தானாகக் கேள்வி கேட்பது இராஜநாயகத்தின் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார்.

"ஐயனே, ஒன்றுமில்லை என்று என் சகோதரன் சொல்வது அடக்கத்தினால். இது ஐயாயிரம் வருடத்துப் பண்பாடு. உங்கள் உரோமாபுரி காடாக இருந்தபோதே எங்களிடம் இது இருந்தது."

"தலைவர்," என்றான் கிறிகோரி.

"பொறும் தம்பி. நாங்கள், ஐயனே, எந்த வாகனத்தில் ஏறுவதற்கு முன்பும் அதன் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தேசிக்காய் வைத்து வணங்குவோம். தேர் என்றாலும் சரி, கார் என்றாலும் சரி. இங்கே பாருங்கள், ஒன்று, இரண்டு. அந்தப் பக்கமும் இரண்டு."

"தலைவர், வாயை மூடுங்கோ," என்று கிறிகோரி தமிழில் சொன்னான்.

அதற்குள் ஜெயோமெத்ரா முதல்தடவையாகக் குனிந்துவிட்டார். "சில்லுக்கா?" என்றார். தேசிக்காய்க்கு நேரே இருந்த கல்லைச் சப்பாத்து நுனியால் தள்ளினார். சீமெந்து போடாமல் அடுக்கின கல். அது உள்ளே விழுந்தது. விழுந்த இடத்தில், வீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சொந்தக்காரனைப் போல, ஒரு கறுப்பு ரயர் தெரிந்தது.

தலைவர், "தேருக்கும் அப்படித்தான்," என்று மெல்லச் சொல்லி முடித்தார்.

கோபாலசிங்கம் தன்னிடமிருந்த இத்தாலியன் முழுவதையும் கூட்டிப் பார்த்தார். "தொத்தோரே, இது போகாது. ரயரில் காற்று இல்லை. நான் ஒரு வருடம் இதில் படுத்தேன். எங்கேயும் போகவில்லை."

"போகிறதா என்பது கேள்வியல்ல. போக முடியுமா என்பதுதான்," என்றார் ஜெயோமெத்ரா. "நீங்களும் போகாமல்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் உங்களிடம் இங்கே தங்க அனுமதிப் பத்திரம் கேட்கிறார்கள் அல்லவா?"

"அப்ப நாங்களும் வாகனம்தான் அண்ணை," என்றான் கிறிகோரி.

ஜெயோமெத்ரா கெட்டவர் இல்லை. கோபாலசிங்கத்தைத் தோளில் தொட்டு ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிஞ்ஞோராவின் கணவர் இருந்த காலத்தில் இதே சாமானைத் தானே வந்து பார்த்து, வீட்டு வரி வராமல் இருக்க, வாகனம் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். இன்று அதையே வீடு என்று எழுதவும் அவருக்குக் கை கூசவில்லையாம். "கண்ணியமான மனிதன் இரண்டையும் எழுதலாம்," என்றார். "கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காத வரைக்கும். நான் எவ்வளவு பாடுபட்டுப் பார்க்காமல் இருந்தேன் தெரியுமா? உங்கள் தலைவர் சாட்சியோடு காட்டிவிட்டார். இனி என்ன செய்ய?"

எழுதினதை வெட்டினார். வேறு எழுதினார். வாகனம், குடியிருப்புக்கு உரியதல்ல. குறிப்பு என்ற இடத்தில், தான் ஒரு நுட்பமான மனிதர் என்பது அலுவலகத்துக்குத் தெரியட்டும் என்று, இன்னொரு வரியும் சேர்த்தார்: குடியிருப்போரே இதனை வாகனமாக வழிபடுகின்றனர்.

சில்லைக் கழற்றி, உண்மையான அத்திவாரம் போட்டு, வீடு என்று சிஞ்ஞோரா பதிந்தால் திரும்ப வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மீனைத் தொடவில்லை.

அன்று பின்னேரம் கோபாலசிங்கம் கால்சாவுக்குப் போய், சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். சிஞ்ஞோராவுக்குக் கண் கலங்கியது. "என்ன அழகான வில்லா அது," என்றார். "ஆனால் என் கணவர் அதை வாகனம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அல்லவா இறந்தார். செத்த மனிதரைப் பொய்யராக்கச் சொல்கிறாயா, கோபாலோ?"

இல்லை என்றார் கோபாலசிங்கம். குவளையைக் கழுவி வைத்தார்.

திரும்பி ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கியபோது ஒழுங்கை முகப்பில் கிறிகோரி ஏப்பிரனோடு நின்றான். "எங்கடை ஆள் மறைச்சு வைச்சதை உங்கடை தேசிக்காய் காட்டிக் குடுத்திட்டுதே அண்ணை," என்று பகிடியாகத் தொடங்கியவன், அவர் முகத்தைக் கண்டு, "விசர்க் கதை கதைக்கிறன், விடுங்கோ," என்றான்.

"தலைவர் எங்கை?"

"மேலை இருந்தவர். இப்பதான் போறார். வடிவாச் சாப்பிட்டிட்டு. இது தோல்வியில்லையாம். எங்கடை வழிபாடு முதல்முதலா அரசாங்கப் பத்திரத்திலை பதிஞ்சு போச்சாம். ஆண்டுவிழாவிலை வாசிக்கப் போறாராம்."

கோபாலசிங்கம் போன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளவத்தையில் கொம்யூனிகேசன் கடைக்காரப் பெடியன் லொட்ஜ் பக்கம் பார்த்து அவள் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஓடி வரும் செருப்புச் சத்தம்.

"சொல்லுங்கோ. வந்தவரே?"

"வந்தவர்."

"என்னவாம்?"

அவர் கண்ணாடியூடாகக் கடலைப் பார்த்தார். இங்கே ஏறி நிற்காமலே தெரிந்தது. "எழுதிக்கொண்டு போட்டார் ஞானம். அலுவலகத்தாலை அறிவிப்பினம்."

"நல்லா எழுதினவரே?"

"நிறைய எழுதினவர்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "தேசிக்காய் வைச்சனீங்கள்தானே?"

"வைச்சனான்."

"நாலும்?"

"நாலும். சில்லுக்கு நேரே."

"அப்ப ஒரு பிசகும் வராது," என்றாள் ஞானம்பிகை. குரலில் சிரிப்பு இருந்தது. "நான் இஞ்சை லொட்ஜ்காரரிட்டைச் சொல்லி வைக்கப் போறன், கனநாள் இருக்கமாட்டன் எண்டு. ஓமே?"

அவர் ஓம் என்றார். இல்லை என்று சொல்ல எந்த மொழியில் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் கார்ட்டில் காசு முடிந்து போன் நீளமாக ஊளையிட்டது.

ஒழுங்கையில் ஏறி வந்தார். வாகனம் நின்ற இடத்திலேயே நின்றது. பெயர்ந்த கல்லை எடுத்துத் திரும்பவும் ரயருக்கு முன்னால் வைத்தார். அதற்கு நேரே தேசிக்காய் இல்லை. சுற்றிவந்து பார்த்தார். மூன்றுதான் இருந்தன.

நாலாவதை இராஜநாயகம் மீனுக்குப் பிழிந்திருந்தார்.